இடஞ்சுற்றும் தேர்

ஆடி 8, வியாழன்

பூசைப் பாத்திரங்களைப் புளியிட்டு விளக்கினேன். தொட்டியில் நிற்கும் செவ்வரத்தை இன்று ஒரு பூத் தந்தது. பதிகம் ஓதத் தொடங்கிய வேளையில் சுவருக்கு அப்பால் இயந்திரம் உறுமிற்று. ஓதுவதை நிறுத்தவில்லை, குரலை உயர்த்தினேன். அதுவும் உயர்த்தியது. ஈற்றில் இருவரும் ஒன்றாகவே முடித்தோம்.

சுவருக்கு அப்பால் இருப்பது மகள் நளாயினியின் கராஜ். ஒன்ராறியோ மாகாணத்தின் இந்தச் சிற்றூரில் அவளும் கணவர் தயாபரனும் பிறருடைய கார்களைத் திருத்திப் பிழைக்கிறார்கள். சனிக்கிழமைகளில் அவள் தன் சொந்தக் காரைப் பந்தயத்தில் ஓட்டுகிறாள். வெளியிலிருந்து பார்த்தால் வீதியில் போகிற கார்தான். உள்ளே எட்டிப் பார்த்தால் கண்ணாடி இல்லை, கதவு திறவாது. இரும்புக் குழாய்களால் ஒரு கூடு, கூட்டுக்குள் ஒரே ஓர் இருக்கை. ஊர்ப்புறத்தில் முட்டை வடிவில் தார் ஊற்றிய தடம் இருக்கிறது. அதில் இருபதுக்கு மேற்பட்ட கார்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நூறு சுற்றுச் சுற்றும். போய்ச் சேரும் இடம் என்று ஒன்றில்லை.

என் நெஞ்சை அறுப்பது அவை சுற்றும் திசை. எப்போதும் இடப்பக்கம். கோயிலை வலம் வருகிறோம், குளத்தை வலம் வருகிறோம், பெற்றாரை வலம் வந்து விழுந்து கும்பிடுகிறோம். இடமாகச் சுற்றுவது ஓரிடத்தில் மட்டுமே: தோளில் குடம் ஏந்திச் சிதையைச் சுற்றும்போது. அந்தச் சுற்று எத்தகையது என்பதை நான் அறிவேன். மூத்தவனுக்காக

எழுத வந்தது அதுவன்று. கத்தரிக்காய் வாங்க வேண்டும். உழுந்தும் தீர்ந்துவிட்டது.

ஆடி 11, ஞாயிறு

நேற்றுப் பந்தயம் பார்க்க என்னையும் அழைத்துச் சென்றார்கள்.

தலைக்கவசமும் இரும்புக் கூடும் ஓட்டுபவளின் பார்வையை மறைத்துவிடுகின்றன. தன் பக்கத்தில் எவன் வருகிறான் என்பதை அவளால் காண முடியாது. ஆகவே பார்வையாளர் வரிசைக்கு மேலே, கூரையை ஒட்டிய உயர்ந்த மேடையில் ஒருவர் நின்று காதுக்கருவி வழியே அவளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். அவருக்கு ஸ்பொட்டர் என்று பெயர். மகளுக்கு அந்தப் பணியைச் செய்பவர் தயாபரன். "உள்ளுக்கு ஒருத்தன் நிக்கிறான்... இன்னும் நிக்கிறான்... விட்டிட்டான், போம்!" இப்படியே முழு நேரமும். எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. ஊர்க் கோயிலில் புராண படனம் நிகழும்போது ஒருவர் செய்யுளை வாசிப்பார். நான் பயன் சொல்வேன், அதாவது பொருளை விரித்துரைப்பேன். வாசிப்பவர் முகம் ஏட்டில் கவிழ்ந்திருக்கும். சபையைக் காண்பவன் நான். எங்கே நிறுத்துவது, எங்கே தொடர்வது என்பதை என் குரலைக் கொண்டே அவர் அறிவார். ஒருவர் மற்றவரை நம்பாவிட்டால் அன்றைய படனம் கெட்டுவிடும்.

சுற்றுகளில் பாதிக்கு மேல் முடிந்த நிலையில் மகள் முதலாவதாக ஓடினாள். அவளுக்கு வெளிப்புறம் ஒருவன், பின்னால் ஒட்டியபடி இன்னொருவன். எனக்கு நெஞ்சில் பாரம் போன்ற ஒன்று உண்டாயிற்று. அதை அருகில் நின்ற முதலுதவியாளரிடம் தெரிவித்தேன். அவர் மேலே அறிவித்தார். தயாபரன் அவளுக்கு அறிவித்தார். மகள் முதலிடத்தை விட்டுவிட்டுக் காரை உள்ளே திருப்பிக்கொண்டு வந்தாள். அம்புலன்ஸில் என் கையைப் பிடித்திருந்த அவள் கையில் பந்தயக் கையுறை அப்படியே இருந்தது.

மருத்துவர் பல சோதனைகள் செய்து புன்னகைத்தார்.

"மாமா, உங்கட இதயத்தைக் கழட்டி நளாவின்ர காருக்குப் பூட்டலாமாம் எண்டு டொக்டர் சொல்லுறார்," என்றார் தயாபரன்.

மகள் சிரிக்கவில்லை. "அப்பா, உண்மையாவே நொந்ததோ?"

"பாரமாக இருந்தது, பிள்ளை," என்றேன். அது பொய்யன்று.

ஆடி 13, செவ்வாய்

மகள் வைத்த தேநீரில் சீனி இல்லை. மறந்திருப்பாள். கேட்கவில்லை.

ஆவணி 15, ஞாயிறு

நேற்று மூன்றாம் வளைவில் ஒரு கார் சுழன்று குறுக்கே நின்றது. பின்னால் வந்தவை ஒன்றன்மேல் ஒன்று ஏறின. புகைக்குள் எவருடைய கார் எது என்று தெரியவில்லை. நான் ஐந்தெழுத்தைச் சொல்லத் தொடங்கினேன். எழுத்து நாவில் நிற்கவில்லை. எழுபத்து நான்கு வயதில், நாள்தோறும் ஓதிய நாவில், அந்த ஐந்து எழுத்து நிற்கவில்லை.

மகளின் கார் சுவரோடு நெரிந்து கிடந்தது. அவள் சன்னல் வழியாகத் தானே ஏறி வெளியே வந்தாள். விலாவில் கன்றல். முறிவு இல்லை.

வீடு திரும்பும் வழியில், முன்னிருக்கையில் சாய்ந்தபடி தயாபரனிடம் சொன்னாள்: "முன் வில்லு வளைஞ்சு போச்சு. ரேடியேற்றர் புதுசு வேணும். ரெண்டு கிழமையில நிமிர்த்திப்போடலாம்."

"உம்மட விலாவை ஆர் நிமிர்த்திறது?"

"அது தன்ர பாட்டில நிமிரும்."

பின்னிருக்கையில் ஒருவன் அமர்ந்திருப்பது இருவருக்கும் நினைவில்லை.

ஆவணி 20, வெள்ளி

இன்று கேட்டுவிட்டேன். பருவத்தின் இறுதிப் பந்தயம் அடுத்த மாதம். அதில் முதல் மூவருள் வருபவரை, நாடெங்கும் ஓடும் பெரிய தொடருக்கு ஒரு குழு எடுத்துக்கொள்ளுமாம். மகளுக்கு முப்பத்தாறு வயது. இன்னொரு வாய்ப்பு வராது என்கிறாள்.

அவள் காருக்கு அடியில் படுத்திருந்தாள். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. கால்களோடு பேசுவது சிரமம், எனினும் பேசினேன்.

"பிள்ளை, இந்த ஓட்டத்தை விட்டுவிடு. வேறெதையும் உன்னிடம் நான் கேட்டதில்லை."

"போன மாதம் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு கேட்டனீங்கள்தானே, அப்பா."

"எனக்கு எஞ்சியிருப்பவள் நீ ஒருத்தி."

காருக்கு அடியில் திருகுகோலின் ஒலி நின்றது. சில்லுப் பூட்டிய பலகையில் படுத்தபடியே உருண்டு வெளியே வந்தாள். முகத்தில் எண்ணெய்.

"அப்பா, ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. அந்தச் சத்தத்துக்குள்ள இருக்கேக்கதான் எனக்கு மற்றச் சத்தம் கேக்கிறேல்லை. ஒரு கிழமையில ஒரு மணித்தியாலம். அவ்வளவுதான். அதையும் விடச் சொல்லுறீங்களோ?"

எந்தச் சத்தம் என்று நான் கேட்கவில்லை. மறுபடியும் உள்ளே உருண்டு போய்விட்டாள்.

பூசையறைக்குத் திரும்பி, காரின் இயந்திரம் பழுதாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மகளின் உழைப்புக் கெட வேண்டுமென்று இறைவன் முன் நின்று கேட்கும் தந்தையை எந்த ஆகமம் ஏற்கும்? வேண்டுதலைத் திரும்பப் பெற்றேன். பின்னர் மீண்டும் வேண்டினேன். விளக்கு அணையும் வரை இவ்வாறே கழிந்தது.

ஆவணி 22, ஞாயிறு

இணக்கமாகக் கேட்டுப் பார்த்தேன். ஓடுவதே முடிவானால், காருக்குள் காப்பாக ஏதேனும் ஒன்றை வைக்க அனுமதி தருமாறு.

"காருக்குள்ள குண்டூசிகூடக் கிடக்கக் கூடாது, அப்பா. சட்டம். கட்டாத பொருள் ஒண்டு கிடந்தா ஓடவே விடமாட்டாங்கள்."

"சட்டத்தை இயற்றியவருக்கு நம் முறை தெரியாது."

"மாமா, வேணுமெண்டா சுவாமியை நாலு நட்டுப் போட்டு இறுக்கி விடுறன்," என்றார் தயாபரன். "அப்ப சட்டத்துக்கும் சரி, சுவாமிக்கும் சரி."

இருவரும் சிரித்தார்கள். மகள் என் வாட்டத்தைக் கண்டிருக்க வேண்டும். திருநீற்றுத் தட்டைத் தானே எடுத்து வந்து, கூரைத் தகட்டில் மூன்று குறி இழுக்கச் சொன்னாள். இழுத்தேன். வெள்ளைத் தகட்டில் வெள்ளை நீறு. அருகே வந்து பார்த்தாலன்றித் தெரியாது.

போதாது என்று தோன்றுகிறது.

ஆவணி 29, ஞாயிறு

பஸ் பிடித்து, இடையில் இன்னொன்றுக்கு மாறி, ரொறன்ரோவில் உள்ள நம்மவர் கோயிலுக்குத் தனியே போய் வந்தேன். போன விடயத்தை வீட்டில் சொல்லவில்லை; கேட்டதற்கு உழுந்து வாங்கப் போனதாகச் சொன்னேன். உழுந்தும் வாங்கினேன்.

வழியெல்லாம் முப்புரம் எரிக்கப் புறப்பட்ட தேரைப் பற்றிய நினைவு. பூமியே தட்டு, ஞாயிறும் திங்களும் சில்லு, வேதங்களே குதிரைகள். அத்தகைய தேருக்கும் அச்சு முறிந்தது. பிள்ளையாரை வணங்காமல் புறப்பட்ட குற்றம். ஏறியவன் இறைவனே ஆயினும் முறிந்தது. என் மகளின் தேர் பழைய இரும்பு.

ஐயர் சனீஸ்வரன் சந்நிதியில் அருச்சித்து ஒரு தேசிக்காய் தந்தார். தமிழகத்தார் எலுமிச்சம்பழம் என்பர். புது வாகனம் வாங்கினால் சில்லின் கீழ் வைத்து நசுக்குவதற்கு இதையே தருவது வழக்கம். "சில்லுக்குக் கீழ வைச்சு ஏத்திவிடுங்கோ, ஐயா. எல்லாம் விலகும்," என்றார்.

நசுக்கிவிட்டால் காப்பு அத்துடன் தீர்ந்துவிடும். ஓட்டமோ நூறு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் நான்கு வளைவு. காப்பு அவளுடன் இருக்க வேண்டும், அவள் இருக்கும் இடத்தில், இறுதிவரை. இது என் துணிபு. ஐயரிடம் இதை வாதிடவில்லை.

பழம் பூசையறையில், விளக்கின் பின்னால்.

புரட்டாதி 2, வியாழன்

மழை. சனிக்கிழமையும் பெய்ய வேண்டும் என்று வேண்டினேன். வானொலி வெயில் என்கிறது.

புரட்டாதி 4, சனி

புரட்டாதிச் சனி, முதல் வாரம். எள் விளக்கேற்றிக் காகத்துக்குச் சோறு வைத்தேன். இந்நாட்டுக் காகம் பருத்தது. எனினும் நம்மூர்க் காகத்தைப் போலவே தலையைச் சாய்த்துப் பார்த்த பின்னரே உண்டது. மகள் எனக்கு முன்பே எழுந்து குளித்திருந்தாள். தேநீர்க் கோப்பையைக் குடிக்காமலே பிடித்திருந்தாள். நான் பார்த்ததைக் கண்டு கோப்பையைக் கீழே வைத்தாள்.

இதைத் தடத்திலிருந்து எழுதுகிறேன். பரிசோதகர் காருக்குள் விளக்கடித்துப் பார்த்து, தேறியது என்று முத்திரை ஒட்டிச் சென்றார். ஓட்டுபவர்களுக்கான கூட்டம் நடக்கிறது. மகளும் மருமகனும் அங்கே. காரின் அருகே நான் மட்டுமே.

இருக்கைக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே ஒரு கை புகும் இடைவெளி உண்டு. தேசிக்காய் இப்போது என் மடியில் இல்லை. இறுக்கமாக இருக்கிறது. அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை.

திருவருள் துணை.

புரட்டாதி 5, ஞாயிறு, காலை

நடந்ததை முறையாக எழுதுகிறேன்.

தொடக்கம் நன்று. மகள் பத்தாவதாகப் புறப்பட்டாள். எனக்கும் ஒரு காதுக்கருவி தந்திருந்தார்கள். அது கேட்பதற்கு மட்டும்; அதில் பேச இயலாது. தடத்தின் ஓரக் கம்பி வேலியருகே நின்று இருவர் குரலையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஒவ்வொருவராகக் கடந்தாள். விளக்குகள் ஏற்றப்பட்டன. பாதிக்கு மேல் முடிந்தபோது அவள் மூன்றாவது. மூன்றாவதே போதும்.

அப்போது அவள் குரல்.

"இஞ்சேருங்கோ, காலடியில என்னவோ உருளுது."

"என்ன மாதிரி?" இது தயாபரன்.

"தெரியேல்லை. வளைவில அங்கால போகுது, நேர் ஓட்டத்தில இஞ்சால வருது. நட்டு மாதிரி இல்லை. மெத்தெண்டு கிடக்கு."

"உள்ளுக்கு வாரும், பாப்பம்."

"விசரே உங்களுக்கு? மூண்டாவதா நிக்கிறன்."

மெத்தென்று கிடக்கிறது.

காலடியில் மூன்று மிதிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று பிறேக். நேர் ஓட்டத்தின் முடிவில், வளைவுக்குள் இறங்குமுன், ஒவ்வொரு முறையும் அவள் அதை அழுத்துகிறாள். மிதியின் அடியில் ஒரு பழம் புகுந்துகொண்டால் மிதி இறங்காது. எதிரே சுவர். இதை எவரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு எளிய விடயம் காலையில் எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று என்பதை மட்டும் எவராவது விளக்க வேண்டும்.

"தேசிக்காய்! பிள்ளை, அது தேசிக்காய்!" என்று காதுக்கருவிக்குள் கத்தினேன். கேட்க மட்டுமே ஆன கருவி. அருகில் நின்றவர்கள் விலகினார்கள்.

ஓடினேன். ஓட்டம் என்று அதைச் சொல்லலாமா தெரியவில்லை. வேட்டியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, பார்வையாளர் வரிசையின் அடியால், மேடைக்கு ஏறும் படிக்கட்டை நோக்கி. படியின் அடியில் காவலர் ஒருவர் கையை நீட்டினார். அனுமதி அட்டை கேட்டார். மகள், கார், பழம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களையெல்லாம் சொன்னேன். பழம் என்றதும் அவர் கனிவோடு சிரித்து, உணவுக் கடை இருக்கும் பக்கத்தைக் காட்டினார். அவர் கையின் கீழ் நுழைந்தேன். என் சால்வை அவர் கையில் நின்றுவிட்டது.

அந்தப் படிகளில் ஏறும்போது எந்தத் திருநாமமும் வாயில் வரவில்லை. காதில் அவள் குரல் மட்டும். "போறன்... போறன்... வெளியில ஆரும் நிக்கினமோ?" "இல்லை, போம்." ஒவ்வொரு வளைவிலும் என் வலது பாதம் தானே அழுந்தியது.

தயாபரன் என்னைக் கண்டதும் முகம் மாறினார். "என்ன மாமா? நெஞ்சோ?"

"தேசிக்காய். நான்தான் வைத்தேன், தம்பி. காலடியில் உருளுவது அது."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு கணம் கண்ணை மூடினார். பின்னர் பொத்தானை அழுத்தினார். "நளா, கேளும். காலடியில கிடக்கிறது தேசிக்காய். மாமா வைச்சது. பிறேக்குக்குக் கீழ போனா இறங்காது. விட்டிட்டு உள்ளுக்கு வாரும்."

பதிலாகச் சிரிப்பு வந்தது. இயந்திர இரைச்சலுக்குள் என் மகளின் சிரிப்பு.

"அப்பா மேல வந்திட்டாரோ? போன முறை நெஞ்சு, இந்த முறை தேசிக்காய். அடுத்த முறை தேங்காயோ? ரெண்டாவதா வந்திட்டன், பாத்தனீங்களோ?"

"நளா, பகிடி இல்லை."

"போன முறையும் நீங்கள் உப்பிடித்தான் சொன்னனீங்கள்."

அவள் சொன்னது உண்மை. படனத்தில் ஒருமுறை தவறாகப் பயன் சொன்னவனின் குரலை வாசிப்பவர் பிறகு நம்பமாட்டார். நம்பவும் கூடாது.

அவள் பின்புற நேர் ஓட்டத்துக்குள் நுழைந்தாள். நான் கருவியைத் தயாபரன் கையிலிருந்து பறித்தேன். பொத்தானை அழுத்தி ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில் இல்லை.

இம்முறை சிரிப்பு இல்லை. அவள் கார் மட்டும் மற்றக் கார்களிலிருந்து பின்வாங்கத் தொடங்கியது. வளைவுக்கு இன்னும் தூரம் இருக்கையிலேயே இயந்திரத்தின் ஒலி தாழ்ந்தது. இருபுறமும் கார்கள் அவளைக் கடந்து போயின.

"பிறேக் இறங்கேல்லை," என்றாள். மிகத் தாழ்ந்த குரல். பக்கத்து அறையிலிருந்து சொல்வது போல.

கார் வளைவுக்குள் திரும்ப முடியாமல் மேலேறியது. வெளிச் சுவரைத் தோளால் உராய்ந்தது. பொறி பறந்தது. உராய்ந்துகொண்டே, மெல்ல மெல்ல, வளைவின் முடிவு வரை போய் நின்றது. மஞ்சள் விளக்குகள் எரிந்தன.

தயாபரன் மேடையின் கம்பியைப் பிடித்தபடி கீழே அமர்ந்துவிட்டார். "முழு வேகத்தில போயிருந்தா, மாமா..." என்றார்.

மகள் சன்னல் வழியாக வெளியே வந்தாள். சனம் கைதட்டியது. நாங்கள் இறங்கிப் போனபோது அவள் காரின் அருகே தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு நின்றாள். கையுறைக்குள் இருந்ததை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். பழம் பிளந்திருந்தது. இரப்பர் மணமும் தேசி மணமும் கலந்து வீசின.

"பிடியுங்கோ, உங்கட காப்பை."

பெரிய தொடர் பற்றி எவரும் பேசவில்லை. காரை இழுவைவண்டியில் ஏற்றும் வரை அவள் என் பக்கம் திரும்பவில்லை. காவலர் மட்டும் என்னைத் தேடி வந்து சால்வையைத் தந்தார், மடித்து வைத்திருந்தார்.

இன்று மாளய அமாவாசை. தர்ப்பணம் செய்யக் கோயிலுக்குப் போக வேண்டும். இந்தக் கையால் நீர் விடுவதா என்று தயங்குகிறேன். பஸ்ஸில் போகலாம்.

புரட்டாதி 6, திங்கள்

பஸ்ஸில் போகவில்லை. நேற்று வேட்டி மாற்றி வெளியே வந்தபோது மகள் தன் வான் வண்டியில் இருந்தாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "ஏறுங்கோ," என்றாள்.

பந்தயக்காரி வீதியில் மிக மெதுவாக ஓட்டுகிறாள். எல்லோரும் எங்களைக் கடந்து போனார்கள். ரொறன்ரோவை அண்மித்தபோது, கண்ணை வீதியிலிருந்து எடுக்காமல் கேட்டாள்.

"நேற்று ரேடியோவில என்ன சொன்னனீங்கள் எண்டு தெரியுமோ?"

"நினைவில் இல்லை, பிள்ளை."

"தேசிக்காயைப் பற்றிச் சொல்லேல்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை. 'குகன், போகாத! நில்லு மோனை!' எண்டு கத்தினீங்கள்."

நான் சன்னல் பக்கம் திரும்பினேன்.

"முப்பது வருசமா எங்கட வீட்டில ஆரும் சொல்லாத பேர், அண்ணான்ர பேர். அம்மா சாகேக்கயும் சொல்லேல்லை. நீங்கள் நடிச்சா அந்தப் பேரைச் சொல்லமாட்டியள். கேட்டவுடன வேகத்தை மிதிச்ச என்ர கால் தன்ர பாட்டில எடுபட்டிட்டுது."

வான் ஒரு சிவப்பு விளக்கில் நின்றது.

"அண்ணா என்னைச் சைக்கிள் பாரில இருத்தி, ஊரில கைதடிப் பாலத்து இறக்கத்தில விடுவான். கண்ணை மூடு எண்டுவான். நான் மூடமாட்டன். அதுக்குத்தான் நான் ஓடுறன், அப்பா. நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை."

விளக்குப் பச்சையாயிற்று. பின்னால் வந்தவர் ஒலி எழுப்பினார். அவள் அவசரப்படவில்லை.

"தேசிக்காய்க்கு நான் இன்னும் உங்களோட கோபம்தான்," என்றாள். "அது வேற."

"அறிவேன்," என்றேன்.

கோயிலில் ஐயர் எள்ளும் நீரும் தந்து பெயர்களைக் கேட்டார். தந்தை, பாட்டன், பூட்டன். தாய்வழியில் மூவர். என் மனைவி. ஒவ்வோர் ஆண்டும் இத்துடன் முடிப்பேன். மாளய நாளில் பிள்ளைகளுக்கும் நீர் விடலாம் என்று ஒவ்வோர் ஆண்டும் ஐயர் சொல்வார். எவரும் இல்லை என்று நானும் சொல்லி வந்தேன். இம்முறை "வேற ஆரும் இருக்கினமோ?" என்று அவர் கேட்டபோது, மகள் பின்னால் நின்றாள். அவள் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது.

சொன்னேன். குரல் சபைக்குக் கேட்கும் அளவுக்கு எழவில்லை. ஐயர் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன்.

இப்போது காலை. பாத்திரங்கள் விளக்கியாயிற்று. செவ்வரத்தை பூக்கவில்லை, குளிர் தொடங்கிவிட்டது. சுவருக்கு அப்பால் சுத்தியல் ஒலி: உராய்ந்த தகட்டை நிமிர்த்துகிறார்கள். அடுத்த ஆண்டு ஓடுவாளா என்று நான் கேட்கவில்லை. ஓடுவாள். எனக்கு அச்சம் குறையவில்லை. குறையும் என்றும் தோன்றவில்லை.

ஆடி எட்டாம் நாள் பாதியில் விட்ட வாக்கியம் ஒன்று இக்குறிப்பில் இருக்கிறது. அதை முடித்து வைக்கிறேன்.

மூத்தவனுக்காக, என் மகன் குகதாசனுக்காக, நான் குடம் ஏந்தி இடமாகச் சுற்றினேன். அவனுக்குப் பதினேழு வயது. மிக வேகமாகச் சைக்கிள் ஓட்டுவான்.